மின்வெட்டில் ஒரு மணி நேரம் ஓடிய சக்கரம்

போன மாதம் பதுளையில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நாட்டுக்கு இனி எந்த மின்சாரம் என்பதுதான் பேச்சு. அணு உலை வேண்டும் என்று ஒரு பக்கம். வெயிலும் காற்றும் தண்ணீரும் போதும் என்று இன்னொரு பக்கம். நடுவில் பேட்டரியில் ஓடும் வாகனங்களைப் பற்றியும் பெரிய வாக்குவாதம். சிறிய நீர் மின்நிலையம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு நடுவர் மைக்கை என் பக்கம் நீட்டினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர்.

"முத்தையா அண்ணே, இத்தன வருசம் கரண்ட் கூடவே குடும்பம் நடத்துனவரு நீங்க. சொல்லுங்க, நீங்க எந்தப் பக்கம்?"

எழுந்து நின்றேன். மண்டபத்தில் இருந்த எல்லா முகமும் என் மேல் இருந்தது. "வணக்கம்" என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கையும் தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த என் மனைவி பார்வதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பேசப் போறேன்னு புதுச் சட்டை வேற. கடைசில சட்டைதான் மேடையேறிச்சு" என்றாள்.

நடுவர் விடுவதாக இல்லை. மறுநாள் போன் செய்து, "பேச வரலன்னா எழுதிக் குடுங்க அண்ணே, எங்க மலர்ல போடுறோம்" என்றார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் எழுதிப் பழக்கம் உண்டு. மின்நிலையத்தின் பதிவுப் புத்தகத்தில் மணிக்கு ஒரு தரம் எழுதி எழுதியே என் வயது போயிருக்கிறது. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மின்நிலையம் ஹல்துமுல்லைக்குக் கீழே, தேயிலை முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மேலே ஓடையின் குறுக்கே ஒரு சின்ன அணைக்கட்டு. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு வாய்க்கால் வரும். வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராகக் கீழே இறங்கும். குழாயின் முனையில் தண்ணீர் கம்பி போல மெலிந்து பாய்ந்து சக்கரத்தின் கிண்ணங்களில் அடிக்கும். சக்கரம் சுற்றும், கரண்ட் வரும். அவ்வளவுதான். அடித்து ஓய்ந்த தண்ணீர் மறுபடி ஓடையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். வெளியே வரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் இத்தனை பெரிய இரும்பைச் சுற்றியது இதுதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தூங்கி எழுந்த பிள்ளை போல ஒன்றும் தெரியாமல் போகும்.

நான் முதலில் வாய்க்காலில் இலை வாரினேன். காலையில் பள்ளம் முழுக்கப் பனி நிறைந்து கிடக்கும். கீழே கட்டடம் இருப்பது தெரியாது. அதன் முனகல் மட்டும் பனிக்குள் இருந்து வரும். வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தின் பக்கம் நடந்து போவேன். நடக்கிறேனா, மிதக்கிறேனா என்று சில நாள் தெரியாது. மூன்று வருடம் அப்படிப் போனது. பிறகு மதகு திறந்து மூடும் வேலை. அதற்குப் பிறகுதான் இன்ஜினியர் ஐயா என்னை மெஷின் அறைக்குள் கூப்பிட்டார்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பண்டாரவளையில் வாடகை வீட்டில் இருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னை ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவரே ஒரு நாள் சொன்னார்.

"நீர் கதைக்கிறது குறைவு. அது நல்லது. மற்ற ஆக்கள் கதைச்சுக் கதைச்சு மெஷின்ர சத்தத்தைக் கேக்கிறதில்லை."

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கரண்ட் பாய்ந்தால் கை தானாக மடங்கும். உள்ளங்கையால் தொட்டிருந்தால் மடங்கும் கை அந்தப் பொருளையே பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் விலகிவிடும். பெட்டி, கதவு, கைப்பிடி, எதுவானாலும் அப்படித்தான். போகப் போகத் தேநீர்க் கோப்பையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். என்னிடமும் அது ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் பார்வதி இதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். "என்னையும் இப்புடித்தான் தொட்டுப் பாக்குறீங்க, நான் என்ன கம்பியா?" என்று கேட்டாள்.

இன்னொன்று, பூட்டு. எங்கள் கட்டடத்திலிருந்து கரண்ட் வெளியே போகும் முதல் மின்கம்பம் ஐம்பது படி மேலே நிற்கிறது. அதில் ஒரு சுவிட்ச். நீளமான கம்பால் அதை இழுத்துத் திறக்க வேண்டும். திறந்தால் எங்கள் மெஷினுக்கும் வெளி லைனுக்கும் தொடர்பு அறுந்துவிடும். திறந்த பிறகு அதன் பிடியில் பூட்டுப் போட வேண்டும். பூட்டியவன் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, ஐயாவே கேட்டாலும். அடுத்து லைனில் கரண்ட் இல்லை என்று சோதிக்க வேண்டும். கடைசியாக லைனில் ஒரு செம்புச் சங்கிலியை மாட்டி மண்ணோடு சேர்க்க வேண்டும். தப்பித் தவறி கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குள் போய்விடும். திற, பூட்டு, சோதி, மாட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. கழற்றும்போது பின்னாலிருந்து முன்னால்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். பட்டிமன்றத்திலும் இதை யாரும் சொல்லவில்லை. எங்களைப் போன்ற சின்ன மின்நிலையம் ஊர் லைனோடு கை கோத்துக்கொண்டுதான் ஓடும். ஊர் லைன் செத்தால் எங்கள் மெஷின் தானாக நின்றுவிடும். நிற்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். இப்போது கூரையில் சோலார் தகடு வைத்திருக்கும் பல வீடுகளிலும் இதே கதைதான். உச்சி வெயில் அடிக்கும், வீட்டில் விளக்கு எரியாது. தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு இது பெரிய கேலி. "எங்க தண்ணியக் குடிச்சிட்டு ஒங்க மெசினு எவனுக்கோ வெளிச்சம் குடுக்குது. நமக்குக் கரண்ட் போனா அதுவும் சேந்து தூங்குது" என்பார்கள். சிரித்துவிட்டு நடப்பேன்.

சிரித்துவிட்டு நடக்கிறவனுக்கு ஒரு நாள் சோதனை வந்தது. மெஷின் அறைக்குப் போய் இரண்டாவது வருடம், தைப்பொங்கல். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. லயத்தில் ஒலிபெருக்கி கட்டி வைத்திருந்தார்கள், அது பாடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். எல்லோரும் சொந்தம், அல்லது சொந்தம் மாதிரி.

"மாப்புள, ஒரு தட்டு தட்டுப்பா."

"சுவிட்ச்சு எதுன்னு காட்டு, நாங்களே தட்டுறோம்."

"இவன் எங்க தட்டுவான், பொண்டாட்டி பேரச் சொல்லவே வெக்கப்படுற ஆளு."

அவ்வளவு பேர் முகத்துக்கு முன்னால் முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது. தானாக நிற்கும் ஏற்பாட்டை விலக்கிவிட்டு மெஷினைக் கையால் எழுப்பலாம் என்று ஐயா காட்டித் தந்திருந்தார். எழுப்பிவிட்டேன். சக்கரம் வேகம் பிடித்தது. வெளி லைனுக்குப் போகும் சுவிட்ச்சில் கை வைக்கப் போனேன்.

அப்போது ஒரு புறங்கை என் கையைத் தட்டிவிட்டது. பண்டாரவளையிலிருந்து ஐயா வந்து எவ்வளவு நேரம் பின்னால் நின்றார் என்று தெரியாது.

திட்டவில்லை. வந்தவர்களை அனுப்பினார். மெஷினை நிறுத்தச் சொன்னார். "வாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனோடு மலையேறினார். நானும் பின்னால் நடந்தேன். ஐந்தாவது கம்பத்தடியில் இரண்டு லைன்காரர்கள் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கள ஆட்கள். ஏணி இன்னும் கம்பத்தில் சாய்ந்தே இருந்தது. ஐயா அவர்களோடு சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தார். அதில் பெரியவர் தன் சோற்றில் பாதியை ஒரு தேக்கிலையில் தள்ளி, மேலே ஒரு துண்டு கருவாட்டையும் வைத்து என் கையில் கொடுத்தார்.

"சாப்பிடும்" என்றார் ஐயா. பிறகு, மெதுவாக, "இந்த மனிசரைத்தான் நீர் கொல்லப் பாத்தனீர்" என்றார்.

சோறு கொடுத்த பெரியவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தார். கருவாடு உப்பாக இருந்தது. நான் முழுவதையும் தின்றேன்.

கரண்டுக்குப் பாதை ஒன்றுதான். ஊரிலிருந்து எங்களுக்கு வரும் அதே கம்பியில் எங்களிடமிருந்து ஊருக்கும் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவனுக்கு, பள்ளத்தில் எவனோ வெட்கப்பட்டுக்கொண்டு சுவிட்ச்சைப் போட்டது எப்படித் தெரியும்?

இனிச் சொல்ல வேண்டியது எரிபொருள் இல்லாத காலத்தில் நடந்தது. பெற்றோலுக்கு ஆட்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். தோட்டத்து லொறி ஷெட்டில் நின்றது. கரண்ட் நினைத்த நேரம் போகும். ரோட்டில் வாகனச் சத்தம் இல்லாததால் பகலிலேயே ஓடையின் சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. நாடே பாதித் தூக்கத்தில் இருந்தது போல எனக்கு ஒரு நினைவு.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்துபோன ஒரே வண்டி நசீர் நானாவுடையது. பண்டாரவளையில் மளிகைக் கடை வைத்திருந்தார். தன் பழைய சிவப்பு த்ரீவீலரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்திருந்தார். சத்தமே இல்லாமல் வரும். முதல் நாள் கொழுந்து பறிக்கப் போன பொம்பளைகள் அதைப் பார்த்துவிட்டு, "பேய் வண்டி" என்று பெயர் வைத்தார்கள். "பேய்க்குப் பெற்றோல் தேவல்லயே" என்று நானாவும் சிரிப்பார். தோட்டக் கடையில் சாமான் இறக்கிவிட்டு அங்கேயே சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்புவார்.

அன்றைக்குக் காலையில் காற்று. எதிர்மலையில் ஒரு மரம் லைனில் விழுந்து கரண்ட் போய்விட்டது. எங்கள் மெஷினும் நின்றது. நான் தனியாக இருந்தேன். ஐயா பண்டாரவளையில், வர வண்டி இல்லை. டவருக்கும் கரண்ட் இல்லாததால் போனும் வேலை செய்யவில்லை. ஓடாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து ஆள் கத்திக்கொண்டு ஓடி வரும் சத்தம். பார்வதியின் தம்பி செல்வராஜ்.

"மச்சான், அக்காவ குளவி கொட்டிருச்சி! ஒண்ணு ரெண்டு இல்ல மச்சான், கூடே கலஞ்சிருச்சி!"

கதவைப் பூட்டிவிட்டு ஓடினேன். தோட்டத்து மருந்தகத்தில் பார்வதி படுத்திருந்தாள். முகத்தில் கண் எங்கே என்று தெரியவில்லை. மருத்துவ உதவியாளர் ஊசி போட்டிருந்தார். மூச்சு சீராகிவிட்டது. ஆனால் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இப்ப ஆபத்தில்ல. ஆனா மூத்திரம் கறுத்துப் போகுது முத்தையா. வெசம் கிட்னிக்கு எறங்குற அடையாளம். இன்னைக்குள்ள பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஹல்துமுல்லை வரைக்கும் கொண்டு போயிட்டா அங்க ஆம்புலன்ஸ் இருக்கு. அது வரைக்குமாவது எப்படியாச்சும் பாருங்க."

ஹல்துமுல்லைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து முழுக்க ஏற்றம். தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் ஒருவர். அவளைக் குலுக்கக் கூடாது என்றார் உதவியாளர். நசீர் நானாவின் வண்டி கடை வாசலில் நின்றது. சாமானோடு மலை ஏறி இறங்கியதில் பேட்டரி முடிந்துவிட்டது. நானா அதன் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கரண்ட் போறதுக்கு ஒரு மணி நேரம் முந்தி நான் வந்திருந்தா சார்ஜ் ஏத்தியிருப்பேன் முத்தையா" என்றார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். "கீழ ஒரு பவர்ஹவுஸ் தண்ணிய வெச்சிக்கிட்டு சும்மாதானே நிக்கிது?"

மெஷினை வெளி லைனிலிருந்து பிரித்துவிட்டு, கட்டடத்தின் சொந்த விளக்குகளுக்கு மட்டும் ஓட்ட முடியும். ஐயா இரண்டு தடவை செய்து காட்டியிருக்கிறார். அவர் இல்லாமல் செய்யக் கூடாது என்பது கட்டளை. வண்டியைக் கீழே இறக்குவது சுலபம், உருட்டிவிட்டால் போதும். சார்ஜ் ஏறாவிட்டால் மேலே கொண்டுவர முடியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எறக்குங்க" என்றேன்.

ஏழெட்டுப் பேர் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டியை மின்நிலைய வாசல் வரை இறக்கினார்கள். நானா சார்ஜர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூலையில் சாத்தியிருந்த நீளக் கம்பையும், பூட்டையும், செம்புச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எங்க போற மச்சான்?" என்றான் செல்வராஜ்.

"கம்பத்துக்கு. அத பூட்டணும்."

"உள்ளுக்குள்ள மெயின் சுவிட்ச் தொறந்துதான இருக்கு? நீயே சொல்லுவியே, மெசின் நின்னா அதுவும் தானா தொறந்துக்கும்னு. அப்புறம் என்னாத்துக்கு மேல போற?"

"பூட்டிட்டுத்தான் ஓட்டுவேன்."

"அங்க எங்க அக்கா உயிரப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குது. நீ இங்க சங்கிலி மாட்டப் போறியா? ஒனக்கு அறிவிருக்கா?"

நானாவும் மெதுவாகச் சொன்னார். "முத்தையா, அஞ்சு நிமிசம்னாலும் அஞ்சு நிமிசம்தானே. அவன் சொல்றதும் சரி."

எல்லா முகமும் என் மேல். பொங்கல் நாள் போலவே, அதே முகங்களில் பாதி. ஆனால் இந்தத் தடவை மேலே கிடப்பது ஒலிபெருக்கி இல்லை. என் பெண்சாதி.

"முடியாது" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். செல்வராஜ் ஒரு அடி பின்னால் போனான்.

படியேறினேன். பனி விலகிக்கொண்டிருந்தது. கம்பத்தடியில் நின்று எதிர்மலையைப் பார்த்தபோது, அந்தப் பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் தொப்பி இரண்டு தெரிந்தது. ஆள் தெரியவில்லை, தொப்பி மட்டும். இரண்டு பூப் போல. என்னிடமிருந்து கிளம்பும் கம்பி பள்ளத்துக்கு மேலே வளைந்து, வளைந்து, பனிக்குள் மறைந்து, அவர்கள் கையில் போய் முடிந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் எனக்கு மிகப் பக்கத்தில் இருந்தது போல இருந்தது. கருவாட்டின் உப்பு நாக்கில் வந்தது.

திறந்தேன். பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். சோதித்தேன். சங்கிலியை மாட்டினேன். வரிசை மாறவில்லை.

கீழே வந்து, சக்கரத்தில் அடிக்கும் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். சக்கரம் முனகி எழுந்தது. வேலை குறைவாக இருந்தால் மெஷின் நிலை இல்லாமல் ஏறி இறங்கும். அந்தக் கரண்டில் சார்ஜரை மாட்டினால் எரிந்துவிடும். அதனால் இருக்கிற விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். ஈரம் ஏறாமல் ஜெனரேட்டருக்குள் வைத்திருக்கும் சூடாக்கிகளைப் போட்டேன். பெரிய கரண்ட் கேத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொதிக்க வைத்தேன். மெஷினின் வேகத்தைக் காட்டும் முள், நிற்க வேண்டிய ஐம்பதில் வந்து நின்றது. கொஞ்சம் நடுங்கி, அடங்கியது.

"இப்ப மாட்டுங்க நானா."

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரம் நான் வால்வின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் மேலே போனால் மூடுவேன், கீழே போனால் திறப்பேன். மலையில் எங்கோ பெய்த மழை, ஓடையாக வந்து, வாய்க்காலில் நடந்து, குழாயில் விழுந்து, என் கை வழியாக அந்தச் சின்ன வண்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மலையிலேயே வெளிச்சம் இருந்த ஒரே அறை அதுதான். கேத்தல் கொதித்தது. அதை அணைத்தால் முள் ஆடும் என்பதால் கொதிக்க விட்டோம். கொதிக்கிற தண்ணீரை வீணாக்காமல் செல்வராஜ் எல்லோருக்கும் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றினான். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனான்.

"ஹல்துமுல்லைக்கு இது போதும்" என்றார் நானா.

"நீயும் வா மச்சான்" என்றான் செல்வராஜ்.

என்னால் போக முடியவில்லை. மெஷினை நிறுத்த வேண்டும். அதைவிட, லைனில் என் சங்கிலி தொங்கியது. அது இருக்கும்போது ஊரிலிருந்து லைனுக்கு உயிர் கொடுத்தால் பெரிய வெடிப்பாகிவிடும். பூட்டியவன்தான் திறக்க வேண்டும், சாவி என் பையில்தான். "அக்காவுக்கு ஒரு போர்வையப் போத்திக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன்.

மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேலே வளைவில் அந்தச் சிவப்பு வண்டி தேயிலைக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. நழுவிப் போவது போல, பனிக்குள் போய், வெளியே வந்து, மறுபடி பனிக்குள் போனது. மருந்தகத்தில் ஏற்றிய பார்வதி உள்ளே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கனவில் நம் ஆட்கள் போவார்களே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், அப்படி. என்னை அறியாமல் கையைத் தூக்கினேன்.

எதிர்மலைக் கம்பத்திலிருந்து ஒரு மஞ்சள் தொப்பிக்காரர் பதிலுக்குக் கையை ஆட்டினார். அவரைப் பார்த்துத்தான் தூக்கினேன் என்று நினைத்துவிட்டார்.

பார்வதி பதுளை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் நான்கு தடவை வைத்தார்கள். நான் மறுநாள் ஒரு மரக்கறி லொறியில் போய்ச் சேர்ந்தேன். ஐந்தாம் நாள்தான் கண் திறந்து என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு சங்கிலி மாட்டிக்கிட்டு இருந்தீங்களாமே" என்றாள். செல்வராஜ் சொல்லியிருக்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கோபமா இல்லையா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஐயா வந்தார். பதிவுப் புத்தகத்தில் நான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். அனுமதி இல்லாமல் ஓட்டியதையும் எழுதியிருந்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். ஐயா முதலில் உள்ளே இருந்த மெயின் சுவிட்ச்சைப் பிரித்துச் சோதித்தார். அது ஒவ்வொரு தடவையும் நன்றாகத் திறந்தது. ஒரு குறையும் இல்லை.

"அப்ப நான் கம்பத்துக்குப் போகாம ஓட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களா ஐயா?" என்று கேட்டேன். அந்த ஐந்து பத்து நிமிடங்கள் என்னைத் தின்றுகொண்டிருந்தன.

"ஆகியிராது" என்றார். பேனாவைத் திறந்துகொண்டே, "ஆனா அது இண்டைக்குத்தான் தெரியும். அண்டைக்குத் தெரியாது" என்றார்.

பிறகு நான் எழுதிய பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகுதான் படித்துப் பார்த்தேன். 'பூட்டின் இலக்கம் எழுதப்படவில்லை.' அவ்வளவுதான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒரு தடவையும் இலக்கம் எழுத மறந்ததில்லை.

பட்டிமன்றத்தில் பேசியவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். அணு உலைக்காகப் பேசியவர், மழை இல்லாவிட்டாலும் வெயில் இல்லாவிட்டாலும் அது ஓடும் என்றார். உண்மைதான். வறட்சியில் ஓடை நூலாகிப் போய் நாங்கள் மாதக் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். எதிர்த்துப் பேசியவர், அணு உலையை நிறுத்திய பிறகும் அதன் சூடு ஆறாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வெளியிலிருந்து கரண்ட் வேண்டும் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. லைன் செத்த நேரத்தில் ஒரு மெஷின் உதவிக்குக் கை நீட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பேட்டரி வண்டி மலைநாட்டுக்கு உதவாது, ஏற்றத்தில் நின்றுவிடும் என்றார் இன்னொருவர். அவர் நசீர் நானாவைப் பார்த்ததில்லை.

நீங்கள் எந்தப் பக்கம் என்று நடுவர் கேட்டார். எதில் கரண்ட் எடுத்தாலும் எனக்குச் சம்மதம். எங்கள் ஓடையில் எடுத்தால் லயத்துக்கும் அதில் கொஞ்சம் வெளிச்சம் வர ஒரு வழி செய்யுங்கள், ஊர் லைன் செத்த நாளிலும் வரட்டும். அதை முறையாகச் செய்யலாம். கம்பும் பூட்டும் சங்கிலியும் இருந்தால் ஒருவனே செய்யலாம். அதைச் செய்கிறவன் முதலில் எதிர்மலையைப் பார்க்க வேண்டும். இதுதான் நான் மேடையில் சொல்ல நினைத்தது. 'வணக்கம்' என்பதற்குப் பிறகு இது இருந்தது.

ஓய்வு பெறும்போது பூட்டையும் சாவியையும் இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிட்டேன். ஆனாலும் வீட்டில் கரண்ட் போனால் என் கை முதலில் சட்டைப் பையைத்தான் தொடுகிறது. இருட்டில் அப்படியே நின்றுவிடுவேன், எதிர்மலையில் யாரோ ஏறியிருக்கிறார்கள் என்பது போல. பார்வதிக்கு இருட்டிலும் அது தெரிகிறது.

"சாவி அங்க இல்லங்க" என்பாள். "அவங்க எல்லாம் பத்திரமா எறங்கிட்டாங்க. நீங்க மெழுகுதிரியக் கொளுத்துங்க."